‘பாஸ் அவுட்’ – ஒரு சொல்லாராய்ச்சி

(முதுகலை முதலாண்டு, ஆங்கில இலக்கியம்)

சென்ற ஆண்டு ஏப்ரலில் இக்கல்லூரியில் இளங்கலை இறுதித் தேர்வு எழுதி முடித்தேன். முடிவுகள் வெளிவந்த சில நாட்களில் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து இப்படியொரு தேர்வுக்குப் போகிற முதல் ஆள் நான்தான். அம்மா தம்முடைய நல்ல சேலையை எடுத்துக் கொடுத்தார். அப்பா பேருந்து நிலையம் வரை உடன்வந்து, “பயப்படாம பேசும்மா” என்று சொல்லி ஏற்றிவிட்டார்.

அங்கே மூவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் என் விண்ணப்பத்தைப் புரட்டியவாறே, என்னைப் பற்றிக் கூறுமாறு ஆங்கிலத்தில் கேட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். அதில் ‘ஐ பாஸ்டு அவுட் திஸ் இயர்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. அவர் தலை நிமிர்ந்து, “பாஸ்டு அவுட்டா? யார் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்?” என்று ஆங்கிலத்தில் வினவினார். மற்ற இருவரும் சிரித்தனர். ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்காமலே நானும் சிரித்தேன். அதன்பின் கேட்கப்பட்ட வினாக்கள் எவையும் என் செவியில் ஏறவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு தோழி ஒருத்தி விளக்கினாள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுதல் என்றே முதலில் பொருள்கொள்வார்களாம். ‘நான் இவ்வாண்டு மயங்கி விழுந்தேன்’ என்று மூன்று பேர் முன்னிலையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்! அதையடுத்து வந்த இரண்டு அழைப்புகளுக்கு நான் போகவில்லை. மூன்றாண்டுகள் ஆங்கில இலக்கியம் படித்தும் ஒரு வாக்கியம் பேசத் தெரியவில்லையே என்னும் வெட்கம் என்னைப் பிடித்து அழுத்தியது.

முதுகலை வகுப்பில் சேர்ந்தபின் ஒருநாள் எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “வெட்கப்படறதுக்கு முன்னாடி அந்தச் சொல் எங்கேயிருந்து வந்துச்சுன்னு பார்த்தியாம்மா?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். பார்த்ததைத்தான் இங்கு எழுதுகிறேன்.

1. வினையும் வால்சொல்லும்

‘பாஸ் அவுட்’ போன்ற தொடர்களை ஆங்கில இலக்கணத்தார் ‘பிரேசல் வெர்ப்’ என்பர். லோகன் பியர்சால் ஸ்மித் என்பார் 1925இல் வெளியிட்ட தமது நூலில் இப்பெயரை வழங்கினார்; ஆக்சுபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி கூறிய பெயர் இது என்றும் அவரே குறித்துள்ளார். பெயர்தான் புதிது, பொருள் பழையது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின் சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இவ்வழக்கம் அயல்மொழியாளர்க்குப் பெருந்தொல்லை தருவது என்று எழுதியுள்ளார். ஆகவே நமக்கு நேரும் இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1755ஆம் ஆண்டிலேயே கண்டு சொல்லப்பட்டது.

இச்சிறு சொற்களை நம் இலக்கணத்தில் இடைச்சொல்லோடு ஒருவாறு ஒப்பிடலாம். இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்து வருமேயன்றித் தனித்து இயங்காது என்பார் தொல்காப்பியர். ‘அவுட்’ என்பது தனித்தும் வரும். எனினும் ஒரு வினையோடு ஒட்டியவுடன் அவ்வினையைத் தன் வழிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘கிவ் இன்’ என்றால் பணிந்துபோ. கொடுத்தல் எங்கே, பணிதல் எங்கே!

நம் மொழியிலும் இவ்விந்தை உண்டு. ‘விட்டுக்கொடு’ என்று ஓர் அயல்நாட்டவரிடம் சொன்னால், எதை விடுவது, எதைக் கொடுப்பது என்று அவர் திகைப்பார். ‘கைவிடு’ என்பதில் கையும் இல்லை, விடுதலும் இல்லை. ‘வெளியேறு’ என்பதில் யாரும் எதன்மீதும் ஏறுவதில்லை. பிறந்தது முதல் பேசி வருவதால் இவற்றின் கடுமை நமக்குத் தெரிவதில்லை. அவ்வளவே.

2. சொல்லின் பிறப்பு

‘பாஸ்’, ‘அவுட்’ என்னும் இரண்டும் வெவ்வேறு குடியில் பிறந்தவை.

‘அவுட்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ஊட்’ என்று ஒலித்தது. ஜெர்மன் மொழியின் ‘அவுஸ்’ இதன் உடன்பிறப்பு. வடமொழியில் மேல், வெளி என்று பொருள்படும் ‘உத்’ என்னும் முன்னொட்டும் இதற்கு உறவே. நாம் வடமொழியிலிருந்து எடுத்து வழங்கும் ‘உத்தமம்’ என்னும் சொல்லின் முதற்பகுதியாக நிற்பது அந்த ‘உத்’தான்.

‘பாஸ்’ வந்தேறிய சொல். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துள் புகுந்தன. ‘பாஸே’ என்னும் பிரெஞ்சு வினையும் அவ்வாறு வந்ததே. அதற்கு மூலம் இலத்தீன் மொழியின் ‘பாசுஸ்’. பொருள்: காலடி, நடையின் ஓர் எட்டு. உரோமானியர் இரண்டு எட்டு வைக்கும் தொலைவை ஒரு ‘பாசுஸ்’ என்று அளந்தனர். அதாவது ஐந்து உரோமானிய அடி. ஆயிரம் பாசுஸ் கொண்டது ‘மில்லே பாசுஸ்’. அந்த ‘மில்லே’தான் இன்றைய ‘மைல்’.

நம் சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடக்கும் ‘பஸ் பாஸ்’, வெளிநாடு செல்வோரின் ‘பாஸ்போர்ட்’, தேர்வில் வாங்கும் ‘பாஸ்’ ஆகிய மூன்றும் இக்காலடியின் பிள்ளைகளே. ஓரிடத்தைக் கடந்து செல்ல இசைவு, நாட்டெல்லையைக் கடக்க இசைவு, ஒரு தேர்வைக் கடந்து மேலே செல்ல இசைவு. எல்லாவற்றிலும் ஒரு வாயில் இருக்கிறது. அதை ஓர் எட்டில் கடக்கிறோம்.

பழைய ஆங்கிலத்தில் ‘வெளியே செல்’ என்பதற்கு ‘ஊட்கான்’ என்றொரு சொல் இருந்தது. அதில் ‘ஊட்’ முன்னும் வினை பின்னும் நின்றன. நம் ‘புறப்படு’ என்பதிலும் ‘புறம்’ முன்னே நிற்கக் காண்கிறோம். காலப்போக்கில் ஆங்கிலத்தில் இச்சிறு சொற்கள் முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்தன. பிரெஞ்சிலிருந்து வந்த வினைகளோடும் அவை கூசாமல் கலந்தன. இலத்தீன் வழிவந்த ‘பாஸ்’ என்பதன் பின்னே செருமானிய வழிவந்த ‘அவுட்’ வந்து நின்றது இவ்வாறுதான்.

3. பொருள்கள்

‘அவுட்’ என்னும் வால்சொல் ஆங்கிலத்தில் பல வேலைகள் செய்கிறது. அவற்றுள் நான்கை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வெளியே செல்லுதல். ‘கோ அவுட்’ என்பது போல.

இரண்டாவது, பலருக்கும் பரவச் செய்தல். ‘ஹேண்ட் அவுட்’ என்றால் ஆளுக்கொன்றாகக் கொடுத்தல்.

மூன்றாவது, முழுமையாக முடித்தல். ‘ஒர்க் அவுட்’ என்றால் கணக்கைப் போட்டு விடை காணும்வரை செய்தல்.

நான்காவது, அணைதல், மறைதல். விளக்கு ‘கோஸ் அவுட்’ என்றால் விளக்கு வெளியே உலாவப் போகவில்லை, அணைந்துபோகிறது. ‘புட் அவுட்’ என்றால் அணைத்தல். ‘டை அவுட்’ என்றால் அற்றுப்போதல்.

இந்நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு ‘பாஸ் அவுட்’ என்பதைப் பார்த்தால் குழப்பம் நீங்கும்.

(அ) ஓரிடத்தைவிட்டு வெளியே செல்லுதல். கப்பல் பார்வையினின்றும் மறைந்தது, ஒரு வழக்கம் மக்களிடையே இல்லாது போயிற்று என்பவற்றை ‘பாஸ்டு அவுட் ஆஃப்’ என்று தொடங்கிச் சொல்லலாம்.

(ஆ) பங்கிட்டுக் கொடுத்தல். ஆசிரியர் வினாத்தாள்களை வழங்குவதை ‘பாஸ் அவுட் தி பேப்பர்ஸ்’ என்பர். அமெரிக்கரிடம் இவ்வழக்கு மிகுதி. இப்பொருளில் மட்டும் வினை செயப்படுபொருளை ஏற்கும். ‘பாஸ் தி பேப்பர்ஸ் அவுட்’ என்று பிரித்தும் சொல்லலாம். ஆனால் ‘தெம்’ என்னும் சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும். ‘பாஸ் தெம் அவுட்’ சரி. ‘பாஸ் அவுட் தெம்’ பிழை. தேர்வுக்குப் படிப்போர் இதை நினைவில் கொள்க.

(இ) பயிற்சியை முடித்து வெளியேறுதல். இது படைத்துறைப் பயிற்சிக்கே சிறப்பாக உரியது. இதன்பின் ‘ஆஃப்’ அல்லது ‘ஃபிரம்’ வரும்.

(ஈ) நினைவிழத்தல். இங்கே விளக்கு அணைவது போல அறிவு அணைகிறது. இப்பொருளில் செயப்படுபொருள் வராது.

பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தில் நால்வரும் கேட்காமல் விட்டுவிட்டால் அந்தக் கை ‘பாஸ்டு அவுட்’ ஆயிற்று என்பர். ஆட்டக்காரர்க்கு அது போதும். நமக்கு மேலுள்ள நான்கும் போதும்.

4. எது மூத்தது?

என்னைச் சிரித்தவர்கள் (ஈ) என்னும் பொருளே அச்சொல்லின் உண்மைப் பொருள் என்றும், நான் சொன்னது கெட்டுப்போன ஆங்கிலம் என்றும் கருதினார்கள். அகராதிகள் காட்டும் வரலாறு வேறு.

நினைவிழத்தல் என்னும் பொருள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான் அச்சேறுகிறது. பயிற்சி முடித்து வெளியேறுதல் என்னும் பொருளோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே படைத்துறைக் கல்லூரிகளில் நன்கு வழங்கியது. அதாவது, சிரிப்புக்கு இடமாகிய பொருள் இளையது. நான் சொன்னதற்கு வேராகிய பொருள் மூத்தது.

இங்கிலாந்தில் வுல்விச் என்னுமிடத்தில் 1741இல் ஒரு படைத்துறைப் பள்ளி தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு அலுவலர்களை உருவாக்க அடிஸ்கோம் என்னுமிடத்தில் 1809 முதல் 1861 வரை ஒரு பள்ளியை நடத்தியது. அங்கே இறுதித் தேர்வில் மாணவன் பெறும் இடமே அவன் வாழ்க்கையை முடிவு செய்தது. முன்னணியில் வந்தோர் பொறியியல் படைக்கும், அடுத்தோர் பீரங்கிப் படைக்கும், ஏனையோர் காலாட்படைக்கும் சென்றனர். ஆகவே இன்னார் இத்தனையாவது இடத்தில் ‘பாஸ்டு அவுட்’ என்று சொல்வது அவர்களிடையே பெருமைக்குரிய செய்தி. உட்புகும் தேர்வு ‘பாஸ் இன்’. வெளியேறும் தேர்வு ‘பாஸ் அவுட்’. எவ்வளவு தெளிவான வழக்கு!

கம்பெனியின் ஆட்சித்துறை அலுவலர்க்கு ஹெய்லிபெரியில் ஒரு கல்லூரி இருந்தது. 1806இல் தொடங்கி 1858இல் மூடப்பட்டது. இவ்விரு நிலையங்களிலும் ‘பாஸ் அவுட்’ ஆனோர் கப்பலேறி வந்தது நம் நாட்டுக்குத்தான். அவர்கள் வைத்த அலுவலகங்களிலும் அவர்கள் வகுத்த கல்விமுறையிலும் ஆங்கிலம் பயின்ற நம் முன்னோர், படைப்பள்ளிக்குரிய சொல்லைக் கலைக்கல்லூரிக்கும் நீட்டிக்கொண்டனர் எனக் கருதுவது பொருத்தமாகத் தோன்றுகிறது.

அவ்வழக்கு நம் நாட்டில் இன்றும் படைத்துறையில் அப்படியே நிற்கிறது. டேராடூனில் இந்தியப் படைத்துறைப் பயிற்சிக் கழகம் 1932இல் நாற்பது பேருடன் தொடங்கியது. அம்முதல் அணி 1934இல் பயிற்சி முடித்து வெளியேறியது. பின்னாளில் பீல்டு மார்ஷல் ஆன சாம் மானெக்ஷா அவர்களுள் ஒருவர். சென்னைப் பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி 1988இல் அலுவலர் பயிற்சிக் கழகம் எனப் பெயர் பெற்றது. 1992 முதல் அங்கே மகளிரும் பயிற்சி பெறுகின்றனர். பயிற்சி முடியும் நாளில் நடக்கும் அணிவகுப்பின் பெயர் ‘பாஸிங் அவுட் பரேடு’.

தேசிய மாணவர் படையில் உள்ள என் வகுப்புத் தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டாள்: “அந்த அதிகாரிகிட்ட, பரங்கிமலையில பாஸிங் அவுட் பரேடு நடக்குதே, அத்தனை பேரும் மயங்கியா விழறாங்கன்னு கேட்டிருக்கலாமே?” பிறகு அவளே, “ஆனா வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னா விழறதும் உண்டு” என்று சொல்லிச் சிரித்தாள்.

இன்னொன்றும் கண்டேன். என்னை அழைத்த அதே நிறுவனம் நம் துறைக்கு அனுப்பியிருந்த அறிவிப்பைப் பழைய தாள்களிடையே தேடி எடுத்துப் பார்த்தேன். ‘இவ்வாண்டு பாஸ் அவுட் ஆனவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்’ என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது!

5. தேறுதல்

நிற்க. இவ்வாராய்ச்சியில் எனக்குப் பெரிதும் உதவியவர் அகராதி ஏதும் அறியாத ஒரு பாட்டி.

சென்ற கார்த்திகையில் அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல். அரசு மருத்துவமனையில் ஆறு நாள் படுத்திருந்தார். வீடு திரும்பிய மறுநாள் எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் வந்து அமர்ந்து, “உங்கம்மா தேறிட்டாளா கண்ணு?” என்று கேட்டார். தேறிவிட்டார் என்றேன். “நீ எழுதின பரீட்சை என்னாச்சு? தேறிட்டியா?” என்று அடுத்த வினாவைத் தொடுத்தார்.

ஒரே சொல்! நோயினின்று மீள்வதும் தேறுதல். மயக்கம் தெளிவதும் தேறுதல். துயரம் ஆறுவதும் தேறுதல். தேர்வில் வெற்றி பெறுவதும் தேறுதல். ஆங்கிலத்தில் மயங்கி விழுவதும் படித்து வெளியேறுவதும் ஒரு தொடரில் அடங்கியுள்ளன. தமிழில் மயக்கம் தெளிந்து எழுவதும் படித்து வெற்றி பெறுவதும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளன. அங்கே ஒரு விளக்கு அணைகிறது. இங்கே ஒரு விளக்கு ஏற்றப்படுகிறது.

பாட்டியின் இரண்டு வினாக்களையும் கேட்டு எவரும் குழம்பவில்லை, எவரும் சிரிக்கவுமில்லை. எச்சொல்லை எங்கே எப்பொருளில் கொள்வது என்பதை இடமும் பேசுவோர் முகமும் நமக்குச் சொல்லிவிடுகின்றன. அன்று அந்த அறையிலும் நான் என்ன பொருளில் சொன்னேன் என்பது அம்மூவர்க்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தும் சிரித்தார்கள் என்றால் குறை சொல்லில் இல்லை.

6. மாணவர்க்குச் சில குறிப்புகள்

அப்படியானால் ‘பாஸ் அவுட்’ என்றே எங்கும் எழுதலாமா? கூடாது என்பதே என் கருத்து. வழக்கைக் காப்பது வேறு. பிறர்க்கு விளங்குமாறு சொல்வது வேறு.

ஒன்று: விண்ணப்பத்திலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதும் மடலிலும் ‘கிராஜுவேட்டட் ஃபிரம்’ என்றோ, ‘கம்ப்ளீட்டட் மை டிகிரி’ என்றோ எழுதுக. எந்நாட்டவர்க்கும் அது ஐயமின்றி விளங்கும்.

இரண்டு: தேர்வில் வெற்றி பெற்றதை மட்டும் சொல்ல ‘பாஸ்டு’ போதும். ‘அவுட்’ வேண்டா.

மூன்று: நமக்குள் பேசும்போது ‘எந்த வருஷம் பாஸ் அவுட்?’ என்று கேட்பதில் தவறில்லை. அது இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு.

நான்கு: வால்சொல் கொண்ட வினைகளைப் பட்டியலாக நெட்டுருச் செய்யற்க. முதலில் வால்சொல்லின் பொருள்களைப் படித்துக்கொள்க. ‘அவுட்’ என்பதற்கு நான்கு, ‘அப்’ என்பதற்குச் சில என்று தெரிந்துகொண்டால், முன்பின் காணாத தொடரையும் பாதிக்குமேல் ஊகித்துவிடலாம்.

நான் பரிந்துரைத்த ‘கிராஜுவேட்’ என்னும் சொல்லையும் விடாமல் பார்த்தேன். அதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘கிராதுஸ்’. அதற்கும் பொருள் காலடி, படி! ‘டிகிரி’ என்பதும் அதே வேரில் தோன்றியது. ஆக, ‘பாஸ் அவுட்’ என்றாலும் ‘கிராஜுவேட்’ என்றாலும் நாம் சொல்வது ஓர் எட்டு எடுத்து வைத்ததைத்தான். டேராடூனில் பயிற்சி முடித்த இளைஞர்கள் அணிவகுப்பின் இறுதியில் கடக்கும் படிக்கு ‘அந்திம் பக்’ என்று பெயர். இந்தியில் ‘கடைசிக் காலடி’ என்பது பொருள். தமிழில் ‘படி’ என்னும் பெயர் வேறு, ‘படி’ என்னும் வினை வேறு; ஆயினும் ஒலி ஒன்றாயிருப்பது மகிழ்ச்சி தருகிறது.

இவ்வாண்டு சனவரியில் வேறோர் இடத்தில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். விண்ணப்பத்தில் ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதியிருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே தலைவராக அமர்ந்திருந்த அம்மையார், “வென் டிட் யூ பாஸ் அவுட்?” என்று கேட்டார். எனக்கு ஒரு கணம் பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. ஆண்டைச் சொன்னேன். அடுத்தடுத்துக் கேட்ட ஒன்பது வினாக்களுக்கும் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னேன்.

அவ்வேலை எனக்குக் கிடைக்கவில்லை. என்னைவிட நன்றாகச் செய்த ஒருவருக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்தபோது, “என்னம்மா ஆச்சு?” என்று அப்பா கேட்டார். “வேலை இல்லைப்பா. ஆனா பயப்படாம பேசினேன்” என்றேன். அடுத்த அழைப்புக்கும் போவதாக இருக்கிறேன்.

தம்பி தங்கையரே! உங்களுள் யாரேனும் ஒரு சொல்லுக்காகச் சிரிக்கப்பட்டால், விளங்காமல் உடன் சிரிக்காதீர்கள். நூலகத்துக்குப் போய் அச்சொல்லைத் தேடுங்கள்.